கொலுசும் கூத்தும் கோளரங்கமும் ஒரே வளாகத்தில்: சேலத்துக்குச் சரிப்பட்டு வருமா?

சேலத்துக்கு இன்னும் என்ன வேண்டும் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசினால், சாலை, சாக்கடை, விமானம் எல்லாம் முடிந்த பிறகு பேச்சு கலை பக்கம் திரும்பும். ஒருவர் கச்சேரி, நாடகத்துக்கு ஏற்ற நல்ல அரங்கம் வேண்டும் என்பார். இன்னொருவர், பிள்ளைகளுக்குக் கோளரங்கம் காட்ட 140 கிலோமீட்டர் தாண்டித் திருச்சிக்குப் போக வேண்டியிருக்கிறதே என்பார். மூன்றாமவர் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசுவார். மூன்றும் நியாயமான ஆசைகள். ஆனால் அவை மூன்று துறைகளுக்குப் போகும் மூன்று மனுக்களாகவே இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒரே கட்டடமாகக் கட்டி, ஒரே நிர்வாகத்தின் கையில் கொடுத்த ஊர்களும் உண்டு. பெருநகரங்களைவிட நடுத்தர ஊர்களுக்கே இந்த வழி அதிகம் பொருந்தும். அது ஏன், எங்கே இடிக்கும், சேலத்தில் செய்தால் உள்ளே என்ன வைப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகர் சார்ல்ஸ்டன். கனாவா ஆற்றங்கரையில், மலைகளுக்கு நடுவே, நிலக்கரியையும் ரசாயன ஆலைகளையும் நம்பி வளர்ந்த ஊர். நகரத்தின் மக்கள் தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். சேலம் மாநகராட்சியின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பிலேயே எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். அந்தச் சின்ன ஊரில் 2003 ஜூலையில் கிளே மையம் என்ற கட்டடம் திறக்கப்பட்டது. சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் சதுர அடி. உள்ளே 1,883 பேர் உட்காரும் பெரிய இசையரங்கம், சோதனை நாடகங்களுக்கு ஒரு சிறிய அரங்கம், ஓர் ஓவிய அருங்காட்சியகம், பிள்ளைகள் தொட்டு விளையாடும் அறிவியல் கூடம், கோளரங்கமாகவும் பெரிய திரையாகவும் பயன்படும் குவிமாடம். மாநிலத்தின் சிம்பொனி இசைக்குழுவுக்கும் அதுதான் வீடு. ஏற்கெனவே ஆற்றுக்கு எதிரே மேட்டில், பழைய ஆளுநர் ஒருவரின் மாளிகையில் இயங்கிவந்த அருங்காட்சியகம்தான் கலைப் பொருட்களையும் அறிவியல் பொருட்களையும் எடுத்துக்கொண்டு இங்கே குடிவந்தது.

சார்ல்ஸ்டன்காரர்கள் இதைச் செய்ததற்குக் கலையும் அறிவியலும் ஒன்று என்ற தத்துவம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. திறப்பு விழாவில் அதைச் சொல்லத்தான் செய்வார்கள். அடியில் இருப்பது கணக்கு. சின்ன ஊரில் தனி ஓவியக்கூடம் கட்டினால் வார நாட்களில் ஈயாடும். தனி அரங்கம் கட்டினால் பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். தனி அறிவியல் மையம் கட்டினால் பள்ளி விடுமுறையில் கூட்டம் வரும், தேர்வு மாதங்களில் ஆள் இருக்காது. மூன்றையும் சேர்த்தால் வாகன நிறுத்துமிடம் ஒன்று, குளிர்சாதன இயந்திர அறை ஒன்று, காவல் ஒன்று, சீட்டுக் கொடுக்கும் இடம் ஒன்று. பகலில் பள்ளிப் பேருந்துகள் நின்ற அதே இடத்தில் மாலையில் நாடகம் பார்க்க வருபவர்களின் கார்கள் நிற்கும்.

இதை அமெரிக்கச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. சென்னை எழும்பூர் வளாகத்தை ஒரு முறை வேறு கண்ணோடு பார்த்தால் போதும். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் கல், எலும்பு, செடி, பறவை என்று அறிவியல் பிரிவுகள் இருக்கின்றன. வெண்கலச் சிலைகளும் அமராவதிச் சிற்பங்களும் இருக்கின்றன. 1896இல் அங்கேயே மியூசியம் தியேட்டர் எழுந்தது. பக்கத்தில் அதே ஆண்டு திறந்த கன்னிமாரா நூலகம். 1909இல் திறந்த விக்டோரியா நினைவுக் கட்டடம் பின்னாளில் ஓவியக்கூடமாகவும் ஆனது. அருங்காட்சியகத்துக்கு முன்பே அந்த இடம் பாந்தியன் என்ற பெயரில் நடனமும் நாடகமும் விருந்தும் நடந்த பொழுதுபோக்குக் கூடமாக இருந்தது. ஆக, மூன்றையும் ஒரு மதிலுக்குள் வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஒரு மதிலுக்குள் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் இருக்க முடியும் என்பதற்கும் எழும்பூரே சாட்சி. மாலையில் மியூசியம் தியேட்டருக்கு நாடகம் பார்க்க வருகிறவர் வரும் நேரத்தில் காட்சிக்கூடங்கள் பூட்டியிருக்கும்.

இந்தியாவிலேயே வேறு முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 1982இல் போபாலில் திறந்த பாரத் பவனில் பழங்குடி ஓவியமும் நவீன ஓவியமும் நாடக அரங்கமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா வடிவமைத்தது. ஏரிச்சரிவில் மண்ணோடு மண்ணாகப் படிகளாக இறங்கும் கட்டடம். ஆனால் அங்கே அறிவியல் கிடையாது. 1997இல் தொடங்கிய கொல்கத்தா சயின்ஸ் சிட்டியில் அறிவியல் கூடங்களோடு 2,232 பேர் அமரும் பெரிய அரங்கமும் இருக்கிறது. அங்கே ஓவியம் பேருக்குக்கூட முக்கியமில்லை. அரங்கத்தை மாநாட்டுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் வாடகைக்கு விட முடிவதால் அறிவியல் பக்கத்துக்குப் பலம். மூன்றும் சம பலத்தோடு இருக்கும் உதாரணம் நம் ஊரில் அரிது.

சரி, சேலத்தில் அப்படி ஒன்று வந்தால் உள்ளே என்ன இருக்கும்? இங்கேதான் எனக்குச் சேலத்தின் மீது நம்பிக்கை. மற்ற ஊர்களில் கலைப்பொருள் ஓர் அறையிலும் அறிவியல் சாதனம் இன்னோர் அறையிலும் கிடக்க, இரண்டையும் இணைக்க யாராவது மூளையைக் கசக்க வேண்டும். சேலத்தில் பொருளே இரண்டுமாக இருக்கிறது.

அம்மாப்பேட்டையிலோ குகையிலோ ஒரு கைத்தறிக்கூடத்துக்குள் போய், தறிக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். ஜக்கார்டு பெட்டியிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலைபோலக் கோத்துத் தொங்கும். கரையில் வரும் அன்னமோ மயிலோ முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்படும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை அடிப்பார்கள். நெசவாளர் மிதியை மிதிக்கும்போது அட்டை வந்து ஊசிகளின் வரிசையில் முட்டும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும், அதற்குரிய கொக்கி, நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்வாங்கும், அந்த நூல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். தூக்கிய நூலுக்கும் கிடந்த நூலுக்கும் இடையே நாடா ஓடி, ஊடை என்ற குறுக்கு நூலைப் போட்டுவிட்டுப் போகும். அடுத்த அட்டை, அடுத்த வரி. ஓட்டை உண்டு அல்லது இல்லை. இந்த இரண்டே நிலைகளை வைத்து எவ்வளவு சிக்கலான பூவையும் எழுதிவிடலாம். பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு இந்தக் கருவியை 1804 வாக்கில் கொண்டுவந்தார். இதே அட்டை யோசனையைத்தான் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்ல்ஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொள்ள நினைத்தார். கணினிக்கு முப்பாட்டன் யார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமானால், படம் காட்டுவதைவிட ஒரு தறியை ஓட்டிக் காட்டி, இரண்டு அட்டைகளை இடம் மாற்றிப் போட்டு மயிலின் கழுத்து எப்படிக் கோணுகிறது என்று பார்க்கச் சொல்லலாம். அந்தத் தறியை அறிவியல் கூடத்தில் வைப்பதா, கலைக்கூடத்தில் வைப்பதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாத பொருள்கள் நிறைய உள்ள ஊருக்குத்தான் இணைந்த மையம் பொருந்தும். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டியின் கரையும் இந்தக் கணக்கில் சேரும்.

வெள்ளிக் கொலுசும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிவிட்டுப் போகிறவர் கண்ணுக்கு அழகு மட்டுமே தெரியும். பட்டறையில் வெள்ளியை உருக்கி, அச்சின் ஓட்டை வழியே இழுத்து இழுத்துக் கம்பியாக்கும்போது நடப்பது உலோகவியல். இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துக்கொள்ளும், அதற்கு மேல் இழுத்தால் அறுந்துபோகும். அதனால் நடுநடுவே நெருப்பில் காட்டுவார்கள். உள்ளே நெருக்கியடித்துச் சிக்கிக்கொண்ட படிகங்கள் சூட்டில் புதிதாக அமைந்துகொள்ள, கம்பி மறுபடி இளகும். வெள்ளிக்கம்பி கொடுக்க முடியாவிட்டாலும், செப்புக் கம்பியை வைத்து ஒரு பிள்ளை தன் கையாலேயே வளைத்து, விறைத்து, சூடாக்கிய பின் மறுபடி வளைத்துப் பார்க்க முடியும். ஜவ்வரிசியைச் சேர்த்துக்கொள்ளலாம், குச்சிக்கிழங்கு மாவு தொட்டியில் படிவது, ஈரமாவைக் குலுக்கினால் உருண்டையாவது, சூட்டில் மேல்தோல் கெட்டிப்பது என்று ஒரு சேகோ ஃபேக்டரியில் வேதியியல் பாடமே இருக்கிறது. தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குத் தூங்குமூஞ்சி வாகை மரம் ஏன் ஒத்துவருகிறது என்பதும் ஒரு கேள்வி. இதை நீட்டினால் நீண்டுகொண்டே போகும்.

கல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சேலத்தைப்போலக் கல்லை வைத்துப் பிழைத்த நகரம் தமிழ்நாட்டில் குறைவு. ஏற்காடு அடிவாரத்திலிருந்து கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் வரை வெள்ளைவெளேரென்று குவிந்து கிடக்கும் மேடுகளைச் சேலத்தார் எல்லோருக்கும் தெரியும். அது மேக்னசைட். உடைத்தால் பீங்கான் தட்டு உடைந்ததுபோல வழுவழுப்பான வளைந்த முகம் காட்டும். பார்வைக்குச் சுண்ணாம்புக்கல்லின் தம்பி மாதிரி இருந்தாலும் குணம் வேறு. சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கி நுரைக்கும். மேக்னசைட்டோ குளிர்ந்த அமிலத்துக்கு அசைந்துகொடுக்காது. இந்த ஒரு சொட்டுச் சோதனையை மேஜையில் வைத்தால் பெரியவர்களும் வரிசையில் நிற்பார்கள். மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு பிரிந்து மக்னீசியா மிஞ்சும். அது உருக சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால்தான் எஃகு உருக்கும் உலைகளுக்கு உள்பூச்சுக் கல்லாக அது போகிறது. பூமிக்கு அடியிலிருந்து வந்த கருநிறப் பாறையில் வெடிப்பு வெடிப்பாக வெள்ளைக் கொடி ஓடியிருக்கும் அந்தச் சுரங்கச் சுவர்களை யாராவது நல்ல புகைப்படக்காரர் எடுத்து ஆளுயரத்துக்கு மாட்டினால், நவீன ஓவியம் என்று சொல்லி ஏமாற்றிவிடலாம்.

மேற்கே கஞ்சமலை. சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்கு வரும் கூட்டத்துக்கு அது சித்தர் மலை. நிலவியலாளருக்கு அது காந்தத்தன்மையுள்ள இரும்புத் தாதுவும் வெள்ளைக் குவார்ட்ஸும் வரிவரியாகப் படிந்த மலை. 1830களில் ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தியபோது சேலம் பக்கத்துத் தாதுதான் ஆதாரம். காட்டை வெட்டிச் சுட்ட கரி அதற்கு எரிபொருள், ஆலை நிலைக்கவில்லை. மலையடிவாரத்தில் 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை அந்த மலையின் இரும்பைத் தொடுவதில்லை என்பது இந்தக் கதையின் வேடிக்கை. தாதுவில் இரும்பு குறைவு, அதைப் பிரித்தெடுத்துச் சேர்க்கும் செலவு அதிகம். இரும்பு மலையின் காலடியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை, மூலப்பொருளுக்கு வெளியூரைப் பார்க்கிறது. பொருளாதாரம், நிலவியல், சித்தர் கதை மூன்றும் ஒரே கல்லில் இருப்பதை ஒரு காட்சிக்கூடம் சொல்ல முடியும். பாடப்புத்தகத்தில் அவை வேறு வேறு அட்டைக்குள் போய்விடும்.

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று சொல்லப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர், ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தவர். சேலம் மாவட்டத்தின் பாறைகளைப் பற்றி வில்லியம் கிங்கோடு சேர்ந்து எழுதிய அறிக்கை 1864இல் வெளியானது. அவர் சேர்த்த கற்கருவிகளைச் சென்னை அரசாங்கம் 1904இல் விலைக்கு வாங்கியது. அவற்றில் சேர்வராயன் மலையின் வழவழப்பான கற்கோடரிகளும் உண்டு. அவை இன்று எழும்பூரில். மலைக்குத் திரும்ப வந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதத்துக்கு இரவல் கொடுங்கள் என்று கேட்கக்கூட ஒரு தகுதி வேண்டும். பாதுகாப்பு, ஈரப்பதம், காப்பீடு எல்லாம் சரியாக உள்ள கூடம் இல்லாத ஊருக்கு எந்தப் பெரிய அருங்காட்சியகமும் பொருளை அனுப்பாது. நல்ல கூடம் கட்டுவதன் நிஜமான லாபம் இதுதான், வெளியே பெரிதாகப் பேசப்படாவிட்டாலும்.

இனி அரங்கம். சேலத்தின் நிகழ்த்துகலை என்றதும் பலருக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா கம்பெனிதான் நினைவுக்கு வரும். நியாயம்தான். இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம், 1930களின் நடுவில் ஏற்காடு சாலையில் ஸ்டூடியோ தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938இல் இங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956இல் இவர்களுடையதே. தறி படித்தவர் சினிமா எடுத்தார். ஒலிப்பதிவு, வண்ணச் சுருள், விளக்கு எல்லாமே அன்றைக்கு உயர் தொழில்நுட்பம். இன்று அந்த இடத்தில் நுழைவு வளைவு நிற்கிறது, முன்னால் நின்று ஆட்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சேலத்து மையத்தில் ஒலி, ஒளி அறிவியலை விளக்க வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தெருக்கூத்து. மேட்டூர், ஓமலூர், எடப்பாடி பக்கத்துக் கிராமங்களில் இன்னும் விடிய விடிய ஆடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மிருதங்கமும், முகவீணை என்ற சிறிய ஊதுகுழலும், ஆர்மோனியமும் களை கட்ட, கட்டியக்காரன் வந்து ஊர்வம்பு பேசி முடிக்க, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷக்காரர் நின்று தன் வருகையைப் பாடுவார். கிரீடமும் புஜக்கட்டையும் கனமில்லாத மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கென்று உருவான மினுமினுப்பு அது. மேட்டூர் பக்கம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் களரி அமைப்பு இந்தக் கலைஞர்களுக்குப் பயிற்சியும் மேடையும் அமைத்துக்கொடுத்து வருகிறது. சேலம் மாவட்டத்தின் பாவைக்கூத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இந்தக் கூத்தைக் குளிரூட்டிய, மெத்தை நாற்காலி போட்ட ஆயிரம் பேர் அரங்கத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். கூத்துக்காரரின் குரல் திறந்தவெளிக்குப் பழகிய குரல். வயல்வெளியில் சத்தம் போனால் போனதுதான், திரும்பி வராது. அதனால் உச்சத்தில் பாட வேண்டும், முகவீணையும் அதே உச்சத்தில் கீச்சிட வேண்டும். மூடிய அரங்கத்தில் சுவரும் கூரையும் அந்தச் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஒலி எழுந்து முழுக்க அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்பதுதான் ஒரு அரங்கத்தின் ஜாதகம். மேற்கத்தியப் பெரிய இசைக்குழுவுக்கு இரண்டு வினாடியை ஒட்டி இருந்தால் இசை நிறைவாகக் கேட்கும். பேச்சு நாடகத்துக்கு ஒரு வினாடி போதும், அதற்கு மேல் போனால் வசனம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். நம் கல்யாண மண்டபங்களில் மைக்கில் பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்றே புரியாமல் போவது இதனால்தான். காங்கிரீட்டும் கிரானைட்டும் சத்தத்தை விழுங்காது. கர்நாடகக் கச்சேரிக்கும், பட்டிமன்றத்துக்கும், கூத்துக்கும் ஒரே அரங்கம் என்றால் சுவரில் இழுத்து மூடும் கனத்த திரைகள், திருப்பிப் போடும் பலகைகள் என்று ஒலியை மாற்றியமைக்கும் வசதி வேண்டும். அதற்குப் பணம் ஆகும். கூத்துக்கு அதைவிடச் சுலபமான வழி, மையத்தின் முற்றத்தில் மண்தரையோடு ஒரு களம் விட்டுவிடுவது. கூரை வேண்டாம். கூத்துக்காரர்கள் அரங்க வல்லுநரைவிட நன்றாக அந்த இடத்தைச் சமாளித்துக்கொள்வார்கள்.

மூன்றையும் சேர்ப்பதில் உள்ள தொழில்நுட்பத் தலைவலிகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பழைய பட்டு, காகித ஓவியம் இருக்கும் அறையில் வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்கு மேல் போகக்கூடாது, ஈரப்பதம் பாதியை ஒட்டி ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். இரவு பகல் எப்போதும். அரங்கத்திலோ மூன்று மணி நேரத்துக்கு ஆயிரம் பேர் மூச்சுவிட்டு வியர்த்து ஈரத்தை ஏற்றுவார்கள், அப்புறம் காலியாகிவிடும். இரண்டுக்கும் ஒரே குளிர்சாதனக் குழாய் போட்டால் வெண்பட்டுக்கு ஆபத்து. அறிவியல் கூடத்தில் நூறு பிள்ளைகள் மணி அடிப்பார்கள், பந்து உருட்டுவார்கள். பக்கத்துச் சுவர் அரங்கமாக இருந்தால் ஒத்திகை பார்க்கிற வித்வான் எழுந்து போய்விடுவார். அரங்கத்தின் மத்தள அதிர்வு ஓவியச் சட்டங்களை ஆட்டாமல் இருக்க, கட்டடங்களுக்கு நடுவே இடைவெளியும் தனி அஸ்திவாரமும் தேவை. ஆக, ஒரே கூரை என்பது பேச்சுக்குத்தான். நிஜத்தில் மூன்று பெட்டிகளை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவில் பொதுவான முன்கூடம் ஒன்றைப் போடுவதே நல்ல வடிவமைப்பு.

அந்த முன்கூடம்தான் மொத்த விஷயத்தின் உயிர் என்று நினைக்கிறேன். நம் அரசு அருங்காட்சியகங்கள் காலையில் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடும், வெள்ளிக்கிழமை விடுமுறை. வேலைக்குப் போகிறவர் எப்போது போய்ப் பார்ப்பது? ஆறரை மணி நாடகத்துக்கு ஆறு மணிக்கே வந்துவிட்ட குடும்பம், அதே சீட்டில் ஒரு காட்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க முடிந்தால், அருங்காட்சியகத்துக்கென்று தனியாக ஒருபோதும் கிளம்பியிருக்காத ஆட்கள் உள்ளே வருவார்கள். இது நடக்காவிட்டால் மூன்றையும் சேர்த்துக் கட்டியதில் வாகன நிறுத்துமிடம் மட்டும்தான் மிச்சம்.

தமிழ்நாட்டில் அதற்குக் குறுக்கே நிற்பது காசைவிட அதிகாரப் பங்கீடு. அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகங்கள் துறை. கூத்துக்கும் இசைப்பள்ளிக்கும் கலை பண்பாட்டுத் துறை. திருச்சி கோளரங்கம் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் கீழ். திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையமோ மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றத்தின் கீழ். நேரு கலையரங்கம் போன்ற நகர அரங்கங்கள் மாநகராட்சியிடம். மூன்று பேர் சாவியை வைத்துக்கொண்டால் மாலை ஆறு மணிக்கு எந்தக் கதவைத் திறப்பது என்பதற்கே கோப்பு சுற்றும். தனி அறக்கட்டளையோ சங்கமோ அமைத்து, மூன்று துறையும் அதில் உறுப்பினராக உட்கார்ந்து, ஒரே இயக்குநருக்குப் பொறுப்பைக் கொடுத்தால்தான் ஓடும். போபாலில் பாரத் பவனுக்கென்றே தனி அறக்கட்டளை இருக்கிறது.

காசைப் பற்றிச் சொன்னால், கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும் என்றே தோன்றுகிறது. திட்டம், அடிக்கல், திறப்பு விழா எல்லாம் அரசியலுக்கும் பிடிக்கும். ஐந்தாம் ஆண்டில் உடைந்த காட்சிப்பொருளை யார் சரிசெய்வது என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் தொட்டு விளையாடும் சாதனம் உடையத்தான் செய்யும்; உடையவில்லை என்றால் யாரும் தொடவில்லை என்று பொருள். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், சாதனங்களைச் செய்யும் பட்டறையைப் பார்வையாளர் கண்ணெதிரிலேயே வைத்தார். கலைஞர்களையும் வரவழைத்துச் சாதனங்கள் செய்யச் சொன்னார். சேலத்தில் கடைசல், வெல்டிங், வார்ப்பு, தச்சு தெரிந்த கைகளுக்குப் பஞ்சமா என்ன? பட்டறையோடு சேர்ந்த மையமாகக் கட்டினால், உதிரிபாகத்துக்கு டெண்டர் விட்டுக் காத்திருக்க வேண்டாம். பள்ளிகளில் அறிவியல் சோதனைகளைச் செய்து காட்ட பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கிய வானவில் மன்றத்தின் சோதனைப் பெட்டிகளும் இங்கேயே தயாராகலாம், பள்ளி மாணவர்களின் கலைத் திருவிழாவின் மாவட்டப் போட்டிகளுக்கு மேடையும் இங்கேயே. ஆண்டு முழுவதும் அரங்கம் காலியாகக் கிடக்காமல் இருக்க இவை உதவும்.

இடம்? ஏற்காடு என்று சிலர் சொல்வார்கள். குளிர்ச்சி, சுற்றுலாக் கூட்டம், மே மாதக் கோடை விழா, தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம், அங்கே பூச்சி தின்னும் குடுவைச் செடி. எல்லாம் உண்மை. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நாடகம் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு இறங்குகிறவர் எத்தனை பேர்? மலையில் செடி, பாறை, மலைவாழ் மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு கிளை போதும்; மலைக்காரர்களே நடத்துவதாக இருந்தால் இன்னும் நல்லது. முதன்மை மையம் கீழே, பேருந்து எளிதாக வரும் இடத்தில்தான் அமைய வேண்டும். மேட்டூர், ஆத்தூர், எடப்பாடியிலிருந்து வருகிறவர்களையும் கணக்கில் எடுத்து, அந்தப் பக்கம் போகும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாலை நிகழ்ச்சிக்கு நேரம் குறிக்க வேண்டும். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு அந்தக் கவலையும் இல்லை, முதல் பேருந்து வந்துவிடும்.